மாடித்தோட்டம் சென்னைக்குச் சோறு போடுமா? அசோசியேஷன் கூட்டத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி

#1 மாடிக்கத்தரி (ஐயப்பன்தாங்கல்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க அபார்ட்மென்ட்ல 24 வீடு, மூணு மாடி. நாங்க நாலு வீட்டுக்காரங்க மொட்டை மாடியில பை வெச்சு கத்தரி, வெண்டை, தக்காளி, புதினா, கொஞ்சம் கீரை போட்டிருக்கோம். தோட்டக்கலைத் துறை மானியத்துல குடுக்கற பை, தென்னை நார்க்கட்டி, விதைன்னு ஆரம்பிச்சது, இப்ப மாடியில கால்வாசி பச்சையா நிக்குது.

போன ஐப்பசி மழையில மூணாவது மாடி வீடு ஒண்ணுல ஹால் சீலிங்ல ஈரம் இறங்கிடுச்சு. அன்னிக்குப் பிடிச்சது சண்டை. "ஞாயிறு கூட்டம், செடி எல்லாத்தையும் அகற்றுவது குறித்து"ன்னு செயலாளர் வாட்ஸப்ல போட்டுட்டார். நான் பதிலுக்கு நகர விவசாயம், நாளைய சென்னை, உணவுத் தன்னிறைவுன்னு நீளமா எழுதினேன். ஒருத்தர் ஒரே வரியில கேட்டார்: "உங்க நாலு கத்தரிக்காயிலயா மேடம் சென்னை பொழைக்கப் போகுது?"

கோபம் வந்தது. ஆனா பதில் வரல. உண்மையில இதனால ஊருக்கு என்ன கிடைக்குது, எங்க சிக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. "செடி வளர்த்தா மனசுக்கு நல்லது" மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாச்சு.

#2 மண்புழு மன்னன் (கொளத்தூர்)

விடாதீங்க அக்கா! கியூபாவைப் பாருங்க. 1991-ல சோவியத் உடைஞ்சப்ப டீசலும் வரல, உரமும் வரல. ஹவானா நகரத்துக்குள்ளயே காலி மனை, கட்டட இடுக்குன்னு பாத்தி கட்டி, மட்கு உரம் போட்டுக் காய்கறி விளைவிச்சாங்க. 'ஆர்கனோபோனிகோ'ன்னு பேரு. ஒரு தலைநகரமே செஞ்சிருக்கு, நாம 24 வீடு செய்ய முடியாதா?

#3 கட்டுமானி (நங்கநல்லூர்)

ஹவானாவுக்குப் போகும் முன் உங்கள் தளத்தைப் பார்ப்போம் மேடம். நான் சிவில் இன்ஜினியர், ஓய்வு பெற்றவன்.

ஆள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு நம் இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875, பகுதி 2) வைத்திருக்கும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். ஏறத்தாழ 150 கிலோ. தண்ணீர் குடித்த செம்மண் ஒரு கன மீட்டர் 1,800 கிலோ வரை வரும். அரை அடி உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பாத்தி கட்டி மண் கொட்டினால் சதுர மீட்டருக்கு 270 கிலோ ஆகிவிடுகிறது. ஒரு பிறந்த நாள் விழாவுக்கு ஐம்பது பேர் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள். மண் இறங்காது.

ஆனால் நீங்கள் பாத்தி கட்டவில்லை, பை வைத்திருக்கிறீர்கள், அதிலும் நார்த்தூள் கலவை. பைக்கும் பைக்கும் இடைவெளி விட்டு, பீம் ஓடும் வரிசையிலும் சுவரை ஒட்டியும் வைத்தால் பளு பெரிய பிரச்சினை இல்லை. பால்கனி, சன்ஷேடு மீது மட்டும் கூடவே கூடாது.

கசிவு வேறு கதை. பளுவால் கசிவது அபூர்வம். பையைத் தரையோடு தரையாக வைத்திருப்பீர்கள், அடியில் ஈரம் காயாது. தட்டோட்டுக்கு நடுவில் பூசிய பாயிண்டிங் பெயர்ந்திருக்கும். மழைத்தண்ணி குழாய்ப் பக்கம் போக ஒரு வாட்டம் கொடுத்திருப்பார்கள் அல்லவா, அந்த வாட்டத்தை மறித்து ஒரு வரிசைப் பை நிற்கும். தண்ணீர் தேங்கி, கீழே சுண்ணாம்பு ஜல்லியில் ஊறி, எங்கோ ஓர் இடத்தில் சீலிங்கில் வந்து நிற்கும். செடியே இல்லாத எத்தனையோ மாடிகளிலும் இதே கசிவைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஈரம் இறங்கிய இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

#4 மாடிக்கத்தரி

சார், இப்பத்தான் போய்ப் பார்த்தேன். நேர் மேல செடியே இல்ல, டிஷ் ஆன்டெனா ஸ்டாண்டு போல்ட் போட்டிருக்கு! ஆனா நீங்க சொன்ன மாதிரி குழாய் வாய்க்கு முன்னாடி எங்க பை வரிசை ஒண்ணு நிக்கறதும் நிஜம்.

#5 கட்டுமானி

இரண்டும் சேர்ந்திருக்கலாம். போல்ட் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள், பையை நகர்த்துங்கள். ஸ்டாண்டு போடுவதானால் ஒரு சாண் உயரமாவது இருக்கட்டும், அடியில் துடைப்பம் நுழைய வேண்டும். கூட்டத்தில் ஆன்டெனாவை மட்டும் காட்டிப் பேசாதீர்கள், சண்டை பெரிதாகும்.

#6 கணக்குப்பிள்ளை (தாம்பரம்)

நான் கொஞ்சம் கசப்பாத்தான் பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ஐ.சி.எம்.ஆரோட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல விட்ட வழிகாட்டியில ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி. நாலு பேர் இருக்கற வீட்டுக்கு வாரம் 11 கிலோ. மேடம், உங்க மாடியில வாரம் எவ்வளவு எடுக்கறீங்க?

அடுத்தது தண்ணி. சென்னை வெயில்ல காய்கறிச் செடி நல்லா நிக்கணும்னா சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 5, 6 லிட்டர் ஆவியாப் போகும். 20 சதுர மீட்டர் தோட்டத்துக்கு 100 லிட்டருக்கு மேல. நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குன்னு அரசாங்கம் வெச்சிருக்கற அளவே 135 லிட்டர். அதாவது கோடையில மாடியில இன்னொரு ஆள் குடி இருக்கார்னு வெச்சுக்குங்க. 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வத்திக் கிடந்தப்ப லாரித் தண்ணிக்கு டோக்கன் போட்டு நின்னோமே, அப்ப வெண்டைக்காய்க்கு யார் ஊத்தினா?

இன்னும் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு நான் வரவே இல்ல. 70 லட்சம் பேருக்கு நாளைக்கு 400 கிராம்னா 2,800 டன் காய்கறி. மாடி மாடியா எண்ணிப் பாருங்க.

கியூபா பத்தி ஒண்ணு: அங்க நிலம் அரசாங்கத்தோடது, சும்மா குடுத்தாங்க. அண்ணா நகர்ல ஒரு மனையை யார் சும்மா குடுப்பா? அப்படிக் குடுத்தும் கியூபா இன்னிக்கும் சாப்பாட்டுல பெரும்பகுதியை இறக்குமதிதான் பண்ணுது.

#7 மாடிக்கத்தரி

மறைக்காம சொல்றேன். தை, மாசியில வாரம் மூணு, நாலு கிலோ வரும். சித்திரை, வைகாசியில கறிவேப்பிலை, புதினா, பிரண்டை. அவ்வளவுதான். தண்ணிக்கு ஏ.சி.யில சொட்டறது, அரிசி காய்கறி கழுவினது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணியை ஊத்தினப்ப இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு, உப்பு.

#8 வேம்புலி (பெரம்பூர்)

கணக்கு சரிதான் கணக்குப்பிள்ளை சார், ஆனா ஒரு பக்கம்தான் போட்டிருக்கீங்க. மாடியிலேருந்து எவ்வளவு காய் வருதுங்கறதை விட, மாடிக்கு என்ன போகுதுன்னு பாருங்க. எங்க வீட்டுத் தோல், வாழைப்பட்டை, காபித்தூள், வாடின பூ எதுவும் குப்பை வண்டிக்குப் போறதில்ல. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குப் பக்கம் குடியிருந்து பாருங்க, ஒரு பக்கெட் ஈரக்குப்பை குறைஞ்சாலே என்னன்னு புரியும். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புக்குள்ளயே உக்காந்திருக்கு, மழை வந்தா அந்தச் சாறு எங்க போகும்?

அப்புறம் மேல் மாடி வீட்டுக்காரங்களைக் கேளுங்க. செடி நிக்கற இடத்துக்குக் கீழ் ரூம்ல ஃபேன் காத்து அனலா அடிக்காது.

#9 ஐடி விவசாயி (சோழிங்கநல்லூர்)

எல்லாரும் பழைய காலத்துலயே இருக்கீங்க. இதுக்குத் தீர்வு ஹைட்ரோபோனிக்ஸ் (சத்துக் கலந்த தண்ணியில வளர்க்கறது), வெர்ட்டிகல் ஃபார்மிங் (உள்ளுக்குள்ள அடுக்கடுக்கா வளர்க்கறது). மண்ணே வேண்டாம், தண்ணி பல மடங்கு மிச்சம், எல்.இ.டி. வெளிச்சத்துல வருஷம் முழுக்க அறுவடை. சிங்கப்பூர் அதைத்தான் செய்யுது.

#10 தேக்கா அண்ணன் (சிங்கப்பூர்)

தம்பி, அந்தச் சிங்கப்பூர்லேருந்துதான் பேசறேன்.

இங்க சாப்பாட்டுல 90 சதவீதத்துக்கு மேல வெளியிலேருந்து வர்றது. 2019-ல '30-க்கு 30'னு ஒரு இலக்கு வெச்சாங்க. 2030-க்குள்ள சத்துத் தேவையில 30 சதவீதம் உள்ளூர்லயே விளையணும். கார் நிறுத்தற அடுக்கு மாடி உச்சியெல்லாம் பண்ணைக்கு ஏலம் விட்டாங்க, மானியம் குடுத்தாங்க. காசும், திட்டமும், ஒழுங்கும் இருக்கற ஊர் இது. அப்படியும் பண்ணைகள் ஒண்ணொண்ணா மூடிச்சு. கரண்டு பில், ஆள் கூலி. மலேசியாவிலேருந்து பாலம் தாண்டி வர்ற கீரை பாதி விலைக்குக் கிடைக்கறப்ப, ஈரச்சந்தையில பாட்டிமார் எதை வாங்குவாங்க? 2025 நவம்பர்ல அந்த இலக்கையே எடுத்துட்டு, 2035-க்கு நார்ச்சத்துக் காய்கறியில 20 சதவீதம், புரதத்துல 30 சதவீதம்னு புதுசா மாத்திட்டாங்க. காய்கறியை விட முட்டையும் மீனும்தான் இங்க எடுபடுது.

அமெரிக்காவுல ஏரோஃபார்ம்ஸ்னு பெரிய வெர்ட்டிகல் ஃபார்மிங் கம்பெனி, 2023 ஜூன்ல திவால் பாதுகாப்புக்குப் போச்சு. மேல வெயில் சும்மா அடிக்குது, அதை மறைச்சு விளக்குப் போட்டு லெட்யூஸ் வளர்க்கணும்னா அதை வாங்கற ஆளும் அந்த மாதிரி இருக்கணும்.

எங்க புளோக்குக்குக் கீழ சமூகத் தோட்டம் ஒண்ணு இருக்கு. சீன, மலாய், நம்ம ஆளுங்க எல்லாம் சேர்ந்து வெண்டை, பாண்டான், கங்கோங் போடறோம். அது ஓடுது. அது யாருக்கும் சோறு போடறதுக்காக இல்ல.

#11 ஐடி விவசாயி

சரிண்ணே, லெட்யூஸுக்கு ஓஎம்ஆர்ல ஆள் இருக்காங்க. நான் பொழைச்சுக்கறேன் :)

#12 கீரைக்கட்டு (மாங்காடு)

நான் இங்க படிக்கறதோட சரி, எழுதறதில்ல. ஆனா "சென்னைக்குள்ள விவசாயம் எங்க இருக்கு"ன்னு எல்லாரும் மாடியையே பார்த்துட்டு இருக்கறதால சொல்றேன். நாங்க இருக்கோம்.

தாத்தா காலத்துலேருந்து கீரைதான். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பாலக், வெந்தயம், கொத்தமல்லி. முளைக்கீரை விதைச்சு 21-லேருந்து 25 நாளுக்குள்ள பிடுங்கிடணும், விட்டா தண்டு முத்திடும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பிடுங்கறது. வேர் மண்ணை அலசி, வாழை நார்ல கட்டு கட்டி, மேல ஈரச் சாக்கு போட்டு ராத்திரி ரெண்டு மணிக்குள்ள கோயம்பேடு. காலையில உங்க தெருமுனையில அம்மா விக்கறாங்களே, அந்தக் கட்டு அதுதான். வெங்காயம் நாசிக்லேருந்து வரும், உருளைக்கிழங்கு ஆக்ராவிலேருந்து வரும். கீரை வராது, வாடிடும். சென்னை சாப்பிடற கீரை சென்னை ஓரத்துலதான் விளைஞ்சாகணும். 2020 மே 5-ம் தேதி கொரோனாவால கோயம்பேட்டை மூடி, அப்புறம் திருமழிசைக்கு மாத்தினாங்கல்ல, நடுவுல அந்த நாள்ல எங்க அப்பா டாடா ஏஸ்ல போட்டு போரூர், வளசரவாக்கம்னு தெருத்தெருவா வித்தார். வெளியூர் லாரி வராட்டியும் கீரை நிக்கல.

இப்ப சிக்கல் என்னன்னா, நிலம் எங்களது இல்ல. குத்தகை. அதுவும் வாய்ப்பேச்சு. ஓனர் நல்ல மனுஷர்தான், விலை படியற வரைக்கும் சும்மா கிடக்க வேணாம்னு குடுத்திருக்கார். எழுதித் தர மாட்டார். 1969 சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவுல எங்க பேர் ஏறிட்டா நாளைக்குக் காலி பண்ண முடியாதுன்னு பயம். சிட்டா, அடங்கல் அவர் பேர்ல. அதனால சொட்டுநீர் மானியம் எங்களுக்கு இல்ல, பயிர்க்கடன் இல்ல, 2015 வெள்ளத்துல எல்லாம் அழுகினப்ப நிவாரணமும் இல்ல. எரு கொட்டி, தழை உரத்துக்குக் கொளிஞ்சி விதைச்சு மடக்கி உழுது நாலு வருஷத்துல மண்ணைத் தேத்துவோம். அஞ்சாவது வருஷம் ஓனர் பையன் புரோக்கரோட வந்து கல்லு நட்டுட்டுப் போவான். நாங்க இன்னும் அஞ்சு கிலோமீட்டர் தள்ளிப் போவோம். அப்பா ஆரம்பிச்ச இடத்துல இப்ப பல்லு ஆஸ்பத்திரி இருக்கு.

2016 செப்டம்பர்ல அங்கீகாரமில்லாத மனையைப் பத்திரம் பண்ணக் கூடாதுன்னு ஹைகோர்ட் தடை போட்டப்ப கொஞ்ச நாள் மூச்சு விட்டோம். அடுத்த வருஷமே அந்த மனைகளுக்கு அங்கீகாரம் குடுக்கற வரன்முறைத் திட்டம் வந்துடுச்சு.

மாடித்தோட்டம் போடறவங்களைக் குறை சொல்லல. கீரை எப்படி வருதுன்னு தெரிஞ்சவங்க பேரம் பேச மாட்டாங்க, அது எங்களுக்கு லாபம்தான். ஆனா "நகர விவசாயம்"னு கூட்டம் போட்டா மேடையில மாடித்தோட்டம் மட்டும்தான் இருக்கு.

#13 கணக்குப்பிள்ளை

தம்பி, நான் தேடினது இந்தப் பதிவைத்தான். சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரா இருந்ததை 2022 அக்டோபர்ல 5,904-ன்னு ஆக்கினாங்க. திருவள்ளூர், காஞ்சிபுரம், அரக்கோணம் வரைக்கும் உள்ள வந்தாச்சு. உள்ள வந்ததுல எவ்வளவோ வயல், ஏரிப் பாசனம். இப்ப ஓடற ரெண்டாவது மாஸ்டர் பிளான்லயே விவசாய மண்டலம்னு ஒண்ணு இருக்கு. வரைபடத்துல பச்சை கலர். கலரை மாத்தித் தரச் சொல்லி மனு போடலாம், அதுக்குன்னே ஆள் இருக்காங்க. மூணாவது பிளான்ல ஒரு ஏக்கரை விவசாயம்னு போட்டா அங்க விவசாயம் பண்றவனுக்கு என்ன கிடைக்கும், ஓனருக்கு என்ன ஈடு, ரெண்டையும் எழுதாம சும்மா பச்சை அடிச்சா ஓனர்தான் முதல்ல கோர்ட்டுக்குப் போவார். அதையும் தப்புன்னு சொல்ல முடியாது. அவருக்குப் பொண்ணு கல்யாணம் அந்த நிலத்துலதான் இருக்கு.

#14 ரசம் சாதம் (முகப்பேர்)

எல்லாம் சரி. கூவம் தண்ணியில விளையற கீரைன்னு ஒரு பயம் இருக்கே. அதனாலதானே நாங்க மாடிக்கே போனோம்?

#15 கீரைக்கட்டு

எங்களது கிணத்துத் தண்ணி அக்கா. எல்லாரும் அப்படியான்னா, இல்லைதான். சாக்கடை ஓரமா போடறவங்களும் இருக்காங்க. வேற தண்ணி இல்லாததால போடறாங்க. பூச்சி மருந்தும் அப்படித்தான், 25 நாள் பயிருக்கு அடிக்கற மருந்து இலையிலதானே நிக்கும். நாங்க வேப்பெண்ணெய்தான். ஓட்டை விழுந்த கீரையைக் கட்டுல பார்த்தா வாங்க மாட்டேங்கறீங்களே, அதையும் சொல்லணும்ல.

#16 பாலிகஞ்ச் சுப்பிரமணியன் (கொல்கத்தா)

சாக்கடை நீர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொல்கத்தாவில் இருக்கும் தஞ்சாவூர்க்காரன்.

இந்த நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. நகரின் கழிவுநீர் கால்வாய் வழியாக அங்கே போகிறது. 'பேரி' என்று இங்கே சொல்லும், ஆழம் குறைந்த மீன் குளங்களில் அதை அளவாக விட்டு, சில நாள் வெயில் காய விடுகிறார்கள். வெயிலில் பாசி பெருகும், பாசி வெளிவிடும் ஆக்சிஜனில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்க்கும், பாசியை மீன் தின்னும். ரோகு, கட்லா, திலேப்பியா எல்லாம் மறுநாள் காலை நகரச் சந்தையில் துள்ளும். குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல்லுக்குப் போகிறது. பக்கத்திலேயே தாப்பா குப்பை மேட்டை ஒட்டிக் காலிஃபிளவர், கீரை வகைகள்.

துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர்தான் இதன் அறிவியலை எழுத்தில் கொண்டுவந்தார். நகரின் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிப் போனவர், சுத்திகரிப்பு நிலையம் செய்ய வேண்டிய வேலையை மீனவர்கள் செய்துகொண்டிருப்பதைக் கண்டார். கட்டடக்காரர்களின் கண் எப்போதும் அதன் மேல்தான். 1992இல் உயர் நீதிமன்றம் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றத் தடை விதித்தது, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியல், 2006இல் தனிச் சட்டம். இவ்வளவு இருந்தும் ஓரம் ஓரமாக ஆக்கிரமிப்பு நடந்தபடிதான் இருக்கிறது. காவல் இல்லாத உங்கள் மாங்காட்டு நிலத்தின் கதியை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக் கழிவுநீரை விட அதிகம் பயப்பட வேண்டியது ஆலைக் கழிவை. இப்படிக் குளத்தில் நிற்க விட்டால், வீட்டுக் கழிவில் இருப்பதைப் பெரும்பாலும் வெயிலும் பாசியும் பார்த்துக்கொள்ளும். தோல் பதனிடும் குரோமியம், பேட்டரி ஈயம், முலாம் பூசும் பட்டறைக் காட்மியம் ஆகியவற்றை எதுவும் தின்று தீர்க்காது. இலைக் கீரைகள்தான் அவற்றை அதிகம் இழுக்கும். இரண்டும் ஒரே கால்வாயில் கலந்த பிறகு விவசாயியிடம் போய் "நல்ல கீரை கொடு" என்றால் அவர் என்ன செய்வார்?

#17 நார்த்தூள் (பொள்ளாச்சி)

நடுவுல ஒரு சின்ன விஷயமுங்க. உங்க பையில போடற அந்தக் கட்டி எங்க ஊர்ல இருந்துதான் வருது. நார்த்தூள்ல உப்பு இருக்கும், கழுவாமப் போட்டா செடி எந்திரிக்காது. அந்த உப்பை நாங்க எங்க ஊர்த் தண்ணியில கழுவித்தான் உங்களுக்கு அனுப்பறோம். கழுவின தண்ணி நிலத்துல இறங்கி, சில பக்கம் கிணறே செம்பழுப்பா மாறிப் போச்சுங்க. அதனால ஒரு தடவை வாங்கின நார்த்தூளை வருஷா வருஷம் தூக்கிப் போடாதீங்க. காய வெச்சு, மட்கு உரம் கலந்து திரும்ப ஓட்டலாமுங்க.

#18 வேம்புலி

நல்ல தகவல் அண்ணா. அப்புறம் மாடிக்கத்தரி அக்கா, பைக்கு அடியில தட்டு வெச்சிருந்தா எடுத்துடுங்க. டெங்கு கொசு அதுலதான் முட்டை வைக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல பறக்கும். கார்ப்பரேஷன்ல கொசுப்புழு பார்க்க வர்றவங்க அதைப் பார்த்தா அபராதம்தான். அசோசியேஷன்காரங்களுக்கு அதுவே போதும்.

#19 மாடிக்கத்தரி

கூட்டம் முடிஞ்சு எழுதறேன். சென்னை பொழைக்கும்னு நான் பேசவே இல்ல. கட்டுமானி சார் சொன்னதை வெச்சு, வாட்டத்தை விட்டு பையெல்லாம் நகர்த்தறோம், ஒரு சாண் ஸ்டாண்டு, தட்டு கிடையாது, 24 வீட்டு ஈரக்குப்பையையும் நாங்களே மட்க வைக்கறோம், பாயிண்டிங் செலவுல எங்க பங்குன்னு சொன்னேன். ஆறு மாசம் பார்க்கலாம்னு விட்டிருக்காங்க. ஆன்டெனா பத்தி அவங்களே கண்டுபிடிச்சாங்க, நான் வாயைத் திறக்கல. நாலு கத்தரிக்காய் கேட்டவர் மட்டும் இன்னும் முறைக்கறார்.

கீரைக்கட்டு தம்பி, மாங்காட்டிலேருந்து எங்களுக்கு ரொம்பப் பக்கம். எங்க வீடுகளுக்கு நேரா கீரை தர முடியுமா? மட்கு உரம் எங்ககிட்ட தேவைக்கு மேலயே சேரும் போல இருக்கு, எடுத்துக்கறீங்களா?

#20 கீரைக்கட்டு

செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்குள்ள கேட்ல வெச்சுட்டுப் போறேன் அக்கா. பதினஞ்சு வீடாவது சேர்ந்தாதான் வண்டிக்குக் கட்டும். மாசக் காசு முன்னாடியே வேணும், கோயம்பேட்டு ராத்திரி விலை பார்த்து மாத்த வேணாம், ஒரே விலை. இன்னிக்கு எது பிடுங்கறோமோ அதுதான் வரும், சிறுகீரைதான் வேணும்னு கேக்காதீங்க. கார்த்திகை மழையில ரெண்டு வாரம் வராமப் போகும், அதுக்குத் திட்டக் கூடாது.

உரம் எடுத்துக்கறேன். ஆனா சலிச்சுக் குடுங்க. முன்ன ஒரு இடத்துல ஒரு லோடு வாங்கி, கண்ணாடியும் ஷாம்பு கவரும் பொறுக்கவே ஆள் போட வேண்டியதாப் போச்சு. அம்மா கால்ல தையல் வேற.

#21 மண்புழு மன்னன்

தம்பி, கொளத்தூர் வருவீங்களா? நாங்களும் இருபது வீடு இருக்கோம்.

#22 கீரைக்கட்டு

உங்க பக்கம் எனக்குத் தூரம்ணா, டீசலுக்கே போயிடும். செங்குன்றம் பக்கம் கீரை போடறவர் ஒருத்தர் மார்க்கெட்ல பழக்கம். நாளைக்கு ராத்திரி பார்த்தாக் கேட்டுட்டு உங்களுக்குத் தனியா செய்தி போடறேன்.